கழுவியதை எழுதவில்லை

1

ஹஜ்ஜுப் பெருநாள் இங்கே ஒரு நாள் முந்திவிடும். ஊரில் மறுநாள்தான் தொழுகை. இந்த ஜனவரியில், ஸ்வீடனில் என் மூன்றாவது குளிர்காலத்தில், ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று தொழுதேன். பத்து மணிக்கு ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். புதுத் துணியை வெள்ளை அங்கி மறைத்துவிட்டது. யாருக்கும் பெருநாள் என்று தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆய்வகத்திலிருந்து உத்தமபாளையத்துக்குப் போன் செய்தேன். அங்கே மதியம். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து குடல் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் அண்ணன் மனைவி ஷகிலா மதினிதான் போனை அம்மா காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, பெருநாச் சோறு ஆக்குனியா?"

"இங்கன நேத்தே பெருநா முடிஞ்சுபோச்சும்மா."

"நேத்தேவா? அவசரக்காரவுகளா இருக்காகளே. என்ன அறுத்தாக?"

"இங்கன நாமளா அறுக்க முடியாது. சட்டம் விடாது."

"அறுக்காம என்ன பெருநா? சரி, விடு. உன் பேருக்கு ஒரு பங்கு அத்தா கொடுத்துட்டாக. உங்க மதினி பண்ணுன காரியத்தக் கேளு. குடல ஊற வையின்னு சொன்னேன். சுண்ணாம்பு ஒரு சிட்டிகை போடுவாக. இவ ஒரு கை அள்ளிப் போட்டுருக்கா. வழவழப்பு மொத்தமாப் போயி, குடலு செருப்புத் தோலு மாதிரிக் கெடக்கு."

மதினி போனைத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டாள். "ஏ ஜரீனா, நீ அங்கன மாட்டு எச்சிலத்தான கிண்டிக்கிட்டு இருக்க? அதுக்கு ஏரோப்பிளேன் ஏறிப் போகணுமா? இங்கன வா, ஒரு அண்டா நெறையாத் தாரேன்."

மூன்று பேரும் சிரித்தோம். போனை வைத்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வழவழப்பு மொத்தமாகப் போய்விட்டது என்று அம்மா சொன்னது மட்டும் காதில் நின்றது. சோப்பு நுரை கையிலேயே காய்ந்துபோகும்வரை அப்படியே நின்றேன்.

ஒரு மாதமாக இந்தக் கட்டடத்தில் எல்லாரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்த ஒரு முடிவு தப்பு என்று எனக்குத் தெரிந்தது அந்தக் குழாயடியில்தான். எப்படித் தப்பு என்று புரிய வேண்டுமானால், முதலில் நான் இங்கே செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும்.

2

"சீனாவுல வந்துச்சே, மூச்சு முட்டிச் செத்தாகளே, அந்தக் காய்ச்சலுக்கு எம் மக மருந்து கண்டுபிடிக்கிறா" என்று அத்தா ஊரில் சொல்லிவைத்திருக்கிறார். அது சரியில்லை. அந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸின் குடும்பத்துக்குக் கொரோனா என்று பெயர். அந்தக் குடும்பம் பெரியது. கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் வரவைப்பது ஒன்று, எலிகளுக்கு ஈரல் வீங்க வைப்பது ஒன்று. நான் பார்ப்பது இந்த விலங்குக்காரர்களை மட்டும்தான். மருந்து எதுவும் செய்யவில்லை.

உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் சர்க்கரைச் சரங்களைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. சரத்தின் நுனியில் சியாலிக் அமிலம் என்று ஒரு சர்க்கரை. அதன்மேல் சில இடங்களில் அசிட்டைல் என்னும் சின்னத் துணுக்கு சட்டைப் பொத்தான் போல ஒட்டியிருக்கும். அது நான்காவது இடத்தில் இருக்கலாம், ஒன்பதாவது இடத்திலும் இருக்கலாம். நான் படிக்கும் வைரஸ்களில் பல அந்தப் பொத்தானைப் பிடித்துத்தான் செல்லில் தொற்றுகின்றன.

பிடித்தால் மட்டும் போதாது. மூக்கிலும் குடலிலும் செல்லுக்கு வெளியே கோழை இருக்கிறது. கோழையிலும் அதே சர்க்கரை, அதே பொத்தான். அது உடம்பு வைத்திருக்கும் பொறி. செல் என்று நினைத்துக் கோழையைப் பிடித்த வைரஸ் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அதனால் இவை தம் மேற்பரப்பிலேயே ஒரு நொதியும் வைத்திருக்கின்றன. நொதி பொத்தானை அறுத்துவிடும். பிடி விட்டுப்போகும், வைரஸ் நகரும்.

எந்த நொதி எந்த இடத்துப் பொத்தானை அறுக்கும் என்பதுதான் என் படிப்பு. மாட்டு வைரஸின் நொதி ஒன்பதை அறுக்கும். எலி வைரஸ்களில் சில நான்கை அறுக்கும், சில ஒன்பதை. எங்கள் ஆய்வகத்தில் எலிகளிடமிருந்து எடுத்த புதிய வகை ஒன்று இருந்தது. அது நான்கா, ஒன்பதா? மூன்று வருடத்தை இந்த ஒரு வரியில் எழுதிவிடலாம். அதில் எனக்கு வெட்கமில்லை. அத்தாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் ஆறாம் வகுப்போடு கடைக்குப் போய்விட்டான். அந்த வீட்டிலிருந்து வந்த நான், உலகத்தில் வேறு யாரும் அப்போது கேட்டுக்கொண்டிருக்காத ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சோதனைக்கு இரண்டு பொருள் வேண்டும். நான்காவது இடத்துப் பொத்தான் குதிரை ரத்தத்துப் புரதத்தில் இருக்கிறது. அது விலைக்குக் கிடைக்கும். ஒன்பதாவது இடத்துப் பொத்தான் மாட்டின் தாடைக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் கோழையில் இருக்கிறது. கடைச் சரக்கில் பாதிப் பொத்தான்கள் உதிர்ந்திருக்கும் என்பதால், அதை நாமேதான் இறைச்சிக்கூடத்துக்குப் போய் எடுக்க வேண்டும். நொதியை ஊற்றி வைத்தால், அறுபட்ட பொத்தான் தண்ணீரில் அமிலமாகக் கலக்கும். அதை அளந்தால் விடை தெரியும்.

3

எங்கள் கடை கம்பம் ரோட்டில் இருக்கிறது. ஆட்டுக்கறி. பெருநாளுக்கு மாடும் உண்டு. கறிக்கடை வீட்டுப் பிள்ளை என்றால், வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் முதலில் மோந்துதான் பார்ப்பாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டே மோந்து பார்த்தவளும் உண்டு. வாடை எதுவும் இருக்காது. அம்மா விடமாட்டாள்.

அம்மாவின் வைராக்கியம் முழுக்கக் கழுவுவதில்தான் இருந்தது. கடைத் துணிகள் சலவைச் சோடாவில் ஒரு ராத்திரி ஊறும். என் சீருடை அதே சோடாவில் தனி வாளியில் ஊறும். குடல் சுடுதண்ணீரும் சுண்ணாம்பும் பட்டு, திருப்பிப்போட்டு, விரலில் வழுக்காத அளவுக்கு வரும். தெருவில் பெண்கள் வந்து, "வாடையே இல்லையே, எப்பிடிக்கா ஆக்குறீக?" என்று கேட்பார்கள். அம்மா சோம்பிலிருந்து தேங்காய்வரை வரிசையாகச் சொல்வாள். கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒருமுறை நான் கேட்டேன், அதை ஏன் சொல்லவில்லை என்று.

"அதப் போயி சொல்லுவாகளா? கழுவாமலா ஒருத்தி அடுப்புல வைப்பா?" என்றாள்.

கல்லூரியில் சேர்க்க அத்தா என்னை உத்தமபாளையத்துக்குள்ளேயே கூட்டிப்போனார். எழுத்தர், "அப்பா தொழில்?" என்று கேட்டார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது.

"கறி வெட்டுறேன்" என்றார் அத்தா.

எழுத்தர் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பினார். அத்தா என் பக்கம் குனிந்து, "என்ன எழுதியிருக்காக?" என்று கேட்டார்.

"வியாபாரம்னு போட்டிருக்காக."

"நான் வெட்டுறேன்னுல்ல சொன்னேன்? அடிச்சிட்டு எழுதச் சொல்லு."

எழுத்தர் அடித்துவிட்டு எழுதினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தா திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் நான் நிமிர்ந்து நடக்கப் பழகினேன் என்று நினைக்கிறேன்.

மதுரையில் முதுநிலை முடித்து, முனைவர் பட்டத்துக்கு இந்த இடம் கிடைத்தபோது ஜமாத்தில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கன்னிப் பெண்ணைத் தனியாக அத்தனை தூரம் அனுப்புவது நம் வழக்கத்தில் இல்லையே என்றார்கள். அத்தா டீ கொடுத்தார். "பட்டத்தோட வருவா. அப்பப் பேசுவோம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லின்மேல்தான் நான் விமானம் ஏறினேன்.

4

சுரப்பியிலிருந்து கோழை எடுக்கிற வேலையை இருபது வருடமாகச் செய்துவந்த அம்மாள் போன கோடையில் ஓய்வுபெற்றுப் போனார். அவர் எடுத்துவைத்த பழைய கோழை இலையுதிர் காலத்தில் தீர்ந்தது. செய்முறை என்று ஒரே ஒரு தாளை விட்டுப்போயிருந்தார். "சுரப்பிகளைக் கொழுப்பு நீக்கி நறுக்கவும். குளிர்நீரில் கோழையைப் பிரிக்கவும்" என்று தொடங்கும்.

பனிக்கட்டி நிரப்பிய வாளியோடு நான் இறைச்சிக்கூடத்துக்குப் போய்வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை. எட்டாம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் மோந்து பார்த்தபோது முதுகில் ஊர்ந்தது போல ஏதோ ஊர்ந்தது.

குளிர் அறையில் சுரப்பிகளைக் கொட்டிக் கத்தியை எடுத்தேன். எட்டிப்பார்க்க வந்த என் பேராசிரியர் மாட்ஸ் கதவோரமாகவே நின்றுவிட்டார். அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்பேன். "எங்காவது கிளம்புகிறாயா?" என்று முதல் வருடமெல்லாம் கேட்பார். அன்று நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"இவ்வளவு வேகமாக நறுக்க எங்கே படித்தாய்?"

"எங்கள் கடையில்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் மகிழ்ந்துபோனேன். பதினைந்து வருடமாக மறைத்த கை ஒரு பேராசிரியரை நிறுத்திவைத்துவிட்டது.

நறுக்கிய துண்டுகள் ரத்தமும் சளியுமாக வழுக்கின. கையுறைக்கு வெளியே நூல் நூலாக இழுத்தது. அந்த வாடை பஸ்ஸிலிருந்து இன்னும் என்னோடு இருந்தது. அலமாரியில் சோடியம் கார்பனேட் புட்டி இருந்தது. சலவைச் சோடாதான், இங்கே வேறு பெயர். ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து, துண்டுகளை அரைமணி நேரம் ஊறவைத்தேன். பிறகு மூன்று தண்ணீர் அலசினேன். சுத்தமாக, வெளிறி, விரலில் வழுக்காமல் வந்தன. அதன்பின் தாளில் இருந்தபடி செய்தேன். குறிப்பேட்டில் தாளில் இருந்தபடியே எழுதினேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. கழுவுவது ஒரு வேலையென்றே எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பரில் விடை வந்தது. எங்கள் புதிய நொதி நான்கை அறுத்தது. ஒன்பதைத் தொடவே இல்லை. ஒன்பதை அறுக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்த மாட்டு நொதியையும் ஒப்பிட்டுப் பார்க்க அதே கோழையில் விட்டிருந்தேன். அது கொஞ்சம்தான் அறுத்தது. "நொதி பழையது. வலுக் குறைந்திருக்கலாம்" என்று அந்த இடத்தில் எழுதிவைத்தேன். அந்த வரியை இப்போது எத்தனை முறை படித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

மாட்ஸ் எதிர்பார்த்ததும் நான்குதான். கட்டுரைக்கு வரைவு எழுதத் தொடங்கினார். இதை வைத்து எனக்கு இன்னும் ஒரு வருடம் இடம் வாங்கிவிடலாம் என்றார். என் மூன்று வருடம் மார்ச்சோடு முடிகிறது. அந்த ஒரு வருடம் இல்லாமல் பட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை காபி நேரத்தில் ஒரு கேக் வந்தது. மேலே பச்சைப் பாகில் பெரிதாக '4' என்று எழுதியிருந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நான்கின் காலை வெட்டி எனக்குக் கொடுத்தார்கள்.

பெருநாளுக்கு முந்தின வாரம் மாட்ஸ் எழுதிய கடிதம் கையெழுத்தாகி வந்தது. ஜரீனா என்ற மாணவியின் ஆய்வு நல்ல முடிவைத் தந்திருக்கிறது, அதன் அடிப்படையில் மேலும் ஒரு வருடத்துக்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்று எழுதியிருந்தது. இதை வைத்துத்தான் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்.

5

அம்மாவோடு பேசிய அன்று நேராக அலமாரிக்குப் போனேன். புட்டி அங்கேயே இருந்தது. என் விரல் அகலத்துக்குச் சரக்குக் குறைந்திருந்தது.

ஒன்பதாவது இடத்துப் பொத்தான் சோடா, சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் உதிர்ந்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. தேர்வில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அது படிப்பில் இருந்தது, சோடா கையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை. போதாததற்கு, எனக்குத் தேவையானதே அந்த வழவழப்புத்தான். முக்கால்வாசியை நான் அலசிச் சாக்கடையில் விட்டிருந்தேன். மிஞ்சிய கோழையில் அநேகமாகப் பொத்தானே இல்லை. இல்லாத பொத்தானை எந்த நொதியும் அறுக்காது. ஆகவே எங்கள் நொதி ஒன்பதைத் தொடாது என்று நான் சொன்னதற்குப் பொருளே இல்லை. அது ஒன்பதைப் பார்க்கவே இல்லை.

அன்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன். ஒருவேளை விடை அப்படியே இருக்கலாம், நான்குதானோ என்னவோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலை எட்டரைக்கு விடியும், மூன்றரைக்கு இருட்டும். ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து மாட்ஸ் அனுப்பிய வரைவைத் திருத்தினேன். 'ஒன்பதாவது இடத்தை அறவே தொடுவதில்லை' என்ற வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்தேன்.

ஐந்தாம் நாள் குடியேற்ற அலுவலகத்தில் எனக்கு முறை. எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஈராக்கிய அம்மாள், பத்து வயது மகளோடு. அம்மாளுக்கு இந்த ஊர் மொழி வராது. அவர் கையை ஆட்டி நெடுநேரம் பேசினார், குரல் ஒரு இடத்தில் உடைந்தது. மகள் அதிகாரியிடம் திரும்பி இரண்டே வார்த்தை சொன்னாள். "நான் சொன்னதெல்லாம் சொன்னாயா?" என்று அம்மாள் கேட்டிருக்க வேண்டும். மகள் தலையாட்டினாள். அம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளை என் கையைவிட்டுப் போய்விட்டது என்பது போல ஒரு பார்வை.

என் எண் வந்தது. கடிதத்தைக் கொடுத்தேன். முத்திரை விழுந்தது.

"முடிவு வர நான்கைந்து மாதம் ஆகலாம்" என்றாள் அதிகாரி. என் வயதுதான் இருக்கும்.

"அதற்குள் ஊருக்குப் போய்வரலாமா?"

"போகலாம். நாங்கள் தடுக்க மாட்டோம்."

"திரும்பி வரலாமா?"

"உங்கள் அனுமதி மார்ச்சில் முடிகிறது. அதற்குப் பிறகு உள்ளே வர உங்களிடம் எதுவும் இருக்காது."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பொய்யென்று தெரிந்த தாளுக்கு முத்திரை வாங்கியிருக்கிறேன் என்பது பஸ் நிறுத்தத்தில் உறைத்தது. அத்தாவின் பெயருக்கு நேரே எழுத்தர் எழுதியதை அடிக்கச் சொன்ன வீட்டுப் பெண் நான்.

6

மறுநாள் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறைச்சிக்கூடத்துக்குப் போனேன். இந்த முறை கழுவவில்லை. ரத்தமும் சளியும் வாடையுமாக அப்படியே நறுக்கி, நேரே குளிர்நீரில் போட்டேன். கை தானாகவே இரண்டு முறை அந்தப் புட்டிப் பக்கம் போனது. மூன்று நாளில் விடை வந்தது. மாட்டு நொதி ஒன்பதை வெறியோடு அறுத்தது. அதற்கு வயதும் ஆகவில்லை, வலுவும் குறையவில்லை. எங்கள் புதிய நொதியும் ஒன்பதை அறுத்தது. நான்கையும் அறுத்தது, ஆனால் ஒன்பதைத்தான் சுலபமாக.

குறிப்பேட்டோடு மாட்ஸ் அறைக்குப் போனேன். அவர் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், முத்திரை வாங்கிய நாள் உட்பட.

அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். "கழுவியதை இதில் எழுதவில்லையே."

"இல்லை."

"ஏன்?"

எனக்குத் தெரிந்த காரணத்தை ஆங்கிலத்தில் சொல்லிப்பார்த்தேன். கழுவுவது எங்களுக்குச் செய்முறைக்கு வெளியே இருப்பது என்றேன். கழுவிவிட்டுத்தான் வேலை தொடங்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். புரிந்ததென்று நினைக்கவில்லை.

"எப்போது தெரியும் உனக்கு?"

"ஒன்பது நாளாக."

குறிப்பேட்டை மூடிவைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம். "நீ வந்து சொன்னது நல்லது. கட்டுரையை நிறுத்துகிறேன்" என்றார். "கடிதத்தையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும். அதில் நான் எழுதியது இப்போது உண்மையில்லை. உனக்குப் புரியும்."

"புரிகிறது."

"இரண்டையும் அறுக்கும் நொதி என்றால் அது இன்னும் சுவையான விஷயம்தான். ஆனால் அதை நிரூபிக்க ஒரு வருடம் வேண்டும்" என்றார். அந்த ஒரு வருடத்தைத்தான் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது ஏப்ரல். என் உதவித்தொகை போன மாதத்தோடு முடிந்துவிட்டது. என் விண்ணப்பம் ஒரு மேசையில் இருக்கிறது. அதற்கு ஆதாரமாக வைத்த கடிதம் விலக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பம் மட்டும் இன்னும் மறுக்கப்படவில்லை. மறுக்கப்படும்வரை நான் இங்கே இருக்கலாம், அதுவரை ஆய்வகச் சாவியும் என்னிடம் இருக்கலாம் என்றார் மாட்ஸ். தினமும் போகிறேன். சரியான கோழையில் சரியான நொதியை ஊற்றுகிறேன். ஒரு வருட வேலையில் எத்தனை வாரம் செய்ய முடியுமோ அத்தனை வாரம். கிளம்பினால் படிப்பு முடிந்தது. கிளம்பாவிட்டால் ஒரு நாள் தபாலில் கிளம்பச் சொல்லும் தாள் வரும். தபால் பெட்டியைத் திறக்கும்போது, வெறும் விளம்பரத் தாள்கள் இருந்தால் ஒரு நாள் கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

7

அத்தாவிடம் சொல்ல இரண்டு மாதம் ஆனது. கடையில் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போன் செய்தேன்.

"அத்தா, பட்டம் வாங்காமலே வரவேண்டியிருக்கும்போல."

"ஏன், என்ன சொன்னாக?"

சொன்னேன். பொத்தான், நொதி எல்லாம் விட்டுவிட்டேன். கழுவக்கூடாத ஒன்றைச் சோடா போட்டுக் கழுவிவிட்டேன், அதனால் கணக்கு எல்லாம் தப்பாகிவிட்டது என்றேன்.

"சுத்தமா இருக்கணும்னுதான கழுவுன?"

"ஆமாத்தா. ஆனா தப்பு தப்புதான்."

"அவுகளாக் கண்டுபிடிச்சாகளா, நீயாச் சொன்னியா?"

"நானாச் சொன்னேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"கொஞ்ச நாளைக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பட்டமும் வந்திருக்கும்."

அந்தப் பக்கம் யாரோ அரைக்கிலோ கேட்டார்கள். அத்தா, "இருங்க" என்றார். லாரி ஒன்று குமுளிப் பக்கம் போகிற சத்தம் கேட்டது.

"சரித்தா" என்றார். "வந்தா வா. ஆனா இந்தக் கழுவுன கதைய இங்கன யாருகிட்டயும் சொல்லாத. கறிக்கடைக்காரன் மக புத்தியக் காட்டிட்டான்னு சிரிப்பாக. ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிக்குவோம். குளிரு ஒத்துக்கலன்னு சொல்லிக்குவோம். மத்தத நான் பேசிக்கிறேன்."

"அத்தா..."

"சொன்னதக் கேளு."

போனை வைத்துவிட்டார். அவர் சொல்லை நான் மீறியதில்லை. மீறத் தேவையே வந்ததில்லை.

அத்தாவின் தம்பி, சின்னத்தா மகள் நஸ்ரின் இந்த வருடம் பன்னிரண்டாவது எழுதியிருக்கிறாள். சென்னைக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்கிறாள். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊரில் சொன்னால், தனியாகப் போன பெண்ணுக்கு என்ன முடியாமல் போயிற்று என்று ஊர் தன் வசதிக்கு ஒரு கதை செய்யும். அந்தக் கதைதான் நஸ்ரினின் வீட்டு வாசலில் போய் உட்காரும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நம் பெண்களுக்கு வெளியூர் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். எனக்குக் குளிர் ஒத்துக்கொண்டது. வேலை ஒத்துக்கொண்டது. நான் ஒரு தப்புச் செய்தேன், ஒன்பது நாள் அதை மறைத்தேன், பிறகு சொன்னேன். என்னைப் பற்றிச் சிரிக்க வேண்டியதாக இருந்தால் இதற்காகச் சிரிக்கட்டும்.

அதனால்தான் நம் பக்கத்து ஆட்கள் படிக்கும் இந்த இதழுக்கு இதை எழுதுகிறேன். இதழ் உத்தமபாளையத்துக்கும் வரும். அத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்குக் கறி வாங்க வருகிற உங்களில் யாராவது ஒருவர், உங்கள் மகள் எழுதியிருக்கிறாள் என்று இதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பீர்கள். அத்தா படிக்கச் சொல்வார். கொஞ்ச தூரம் போனதும், போதும் என்பார். கறியை நிறுத்துக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்.

போய்விடாதீர்கள். கடைசி வரைக்கும் படித்துக் காட்டுங்கள்.